ஆக்சா பிளேடுக்கு வைத்த பொட்டு

நான் மூன்றாம் கிளாஸ் வரைக்கும் போனவன். போனவன் என்றுதான் சொன்னேன், படித்தவன் என்று சொல்லவில்லை. அப்படிப்பட்ட எனக்கு உலகத்தில் ஒரே ஒரு வேலைதான் உருப்படியாகத் தெரியும்: கோல்ஃப் மட்டையின் குச்சியை வெட்டுவது. ஆரணியில் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். கோல்ஃப் என்றால் என்ன என்று கேட்பார்கள். விளக்கினால், பணக்காரர்கள் புல்லில் நடந்துகொண்டே பந்தைத் தட்டுவார்களே அதா என்பார்கள். ஆமாம் என்றால், அதில் வெட்டுவதற்கு என்ன இருக்கிறது என்பார்கள். கல்யாணம் பேசுகிற அன்று என் மாமனாரும் அதைத்தான் கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். அன்றே ஒழுங்காக விளக்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

தொண்ணூறுகளில் நான் சென்னைக்குப் போனது பந்து பொறுக்க. பெரிய மைதானம். அவர்கள் அடிப்பார்கள், நாங்கள் ஓடிப்போய் எடுப்போம். ஒரு நாள் ஒரு பந்து என் மண்டையைத் தேடி வந்தது. அன்றோடு எனக்கு அறிவு குறைந்துவிட்டது என்று என் மனைவி சொல்வாள். குறைவதற்கு முன்னால் எவ்வளவு இருந்தது என்பதற்குச் சாட்சி யாரும் இல்லை. பந்து பட்ட பரிதாபத்தில், மைதானத்துக்குப் பின்னால் மட்டை ரிப்பேர் கடை வைத்திருந்த முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டார்.

மட்டையின் தலை இரும்பு. கைப்பிடி ரப்பர். நடுவில் இருப்பது உள்ளே ஓட்டையான ஸ்டீல் குச்சி. கைப்பிடிப் பக்கம் தடிமனாக இருக்கும், தலைப் பக்கம் போகப்போக மெலிந்துவிடும். வளைவதெல்லாம் அந்த மெலிந்த முனைதான். கையில் பலம் உள்ள ஆள் ஓங்கி வீசினால் அது தூண்டில் கோல் மாதிரி துவண்டு, பந்து வேலி தாண்டிப் போய்விடும். மெலிந்த முனையில் கொஞ்சம் அறுத்துவிட்டால் துவள்கிற பகுதி குறைந்து குச்சி விறைத்துக்கொள்ளும். தடித்த முனையில் அறுத்தால் குச்சி குட்டையாகுமே தவிர அந்த விறைப்பு வராது. எந்த முனையில் வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது, அவ்வளவுதான் தொழில். குச்சியை ஒரு கையால் பிடித்து மெலிந்த முனையை லேசாகத் தட்டி, அது நடுங்குவதைப் பார்த்தே நான் சொல்லிவிடுவேன். இதைத் தவிர வேறு எதைப் பார்த்தும் எனக்கு எதுவும் சொல்லத் தெரியாது.

கல்யாணம் ஆரணியில். எங்கள் சனம்தான், ஆனால் என் அப்பா தறியைத் தலைமுழுகிவிட்டு கலசப்பாக்கம் பக்கம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர். நான் தறிக்குழியில் கால் வைத்ததே கிடையாது. பெண் வீட்டில் இரண்டு பட்டுத்தறி, ஒரே மகள். மாமனாருக்கு முழங்காலில் வலி. தறியில் ஏறியிருக்கிற பாவு, அதாவது நீளவாட்டு நூல், முடிகிற வரைக்கும் கூடமாட ஒத்தாசையாக இருந்துவிட்டு, பிறகு பெண்ணைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போகலாம் என்று பேச்சு. நானும் தலையாட்டினேன். ஒரு பாவு என்பது சில சேலைகள். எத்தனை நாள் ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

பாவு முடிவதே இல்லை என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. பழைய பாவு தீரப்போகும்போது அதன் கடைசி நூல்களை அறுத்துப் போட மாட்டார்கள். புதுப் பாவை எடுத்துவந்து, பழைய நூல் ஒவ்வொன்றின் முனையிலும் புது நூலைச் சேர்த்துப் பிணைத்துவிடுவார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். ஒரு வாரம் தறிப்பக்கம் சத்தம் இல்லையே, முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று நான் பெட்டியைத் துடைத்து வைப்பேன். மறுநாள் பார்த்தால் பச்சைப் பாவு போய் மாம்பழ மஞ்சள் வந்திருக்கும்.

"இது ஒண்ணு முடியட்டும் மாப்ள. ஏறிகினுகீற பாவ உட்டுட்டு எப்பிடிப் போவீங்க?" என்பார் மாமனார்.

அவர் என்னிடம் ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. அதுதான் பேஜார். திட்டினால் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடலாம். இவரோ வாங்க, போங்க, சாப்டீங்களா, கொஞ்சம் குழியில எறங்குறீங்களா என்று மரியாதையாலேயே கட்டிப்போட்டார். குழிக்குள் இறங்கினால் மிதிகளில் கால், இடுப்புக்கு முன்னால் சேலை சுற்றுகிற உருளை, கண்ணுக்கு எதிரே நூல். நான் ஊடை என்கிற குறுக்கு நூலைப் போட்டால் சேலையின் ஓரம் பாம்பு போன தடம் மாதிரி இருக்கும். மாமனார் அதைப் பார்ப்பார், அந்த இடத்தைப் பிரித்து அவரே நெய்வார். நான் வந்ததால் அவருக்கு வேலை இரண்டு மடங்கு ஆயிற்று. ஆனாலும் விடவில்லை.

மனைவியிடம் கேட்டேன், சென்னைக்கு வருகிறாயா என்று. அவள் நூல் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "நீங்க கூப்ட்டா வர்றேன். ஆனா அப்பாகிட்ட நீங்கதான் சொல்லணும்." நானோ அவள்தான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். இப்படியே மூன்று தீபாவளி போயிற்று.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கொஞ்சம் முன்னால், தெருமுனை டெலிபோன் பூத்தில் எனக்குப் போன் வந்திருப்பதாக ஆள் வந்து சொன்னான். ஓடினேன். சென்னை முதலாளி. எனக்குப் பிறகு வந்த ஆள் அறுத்த குச்சிகளெல்லாம் ஒரே செட்டில் ஒன்று துவள்கிறது, ஒன்று கட்டையாக நிற்கிறது என்று வாடிக்கைக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்களாம். அந்த ஆளும் ஓடிவிட்டான். கடைக்கு மிக வேண்டிய ஒருவர் பெங்களூரில் போட்டிக்குப் போகிறார், அவருக்குப் புதுசாக எட்டு குச்சி வெட்ட வேண்டும், பழைய பையன் கைதான் வேண்டும் என்று பிடிவாதம்.

"பஸ்ல போட்டு உடறேன். வெட்டி அனுப்பு. விஜயதசமி அன்னைக்கு சாயந்தரம் எங்கிட்ட இருக்கணும். இது மட்டும் ஒழுங்கா வந்துச்சுன்னா பொண்டாட்டிய இட்டுகினு வந்துர்றா. கடைக்குப் பின்னால ரூம்பு சும்மாதான் கீது."

நான் பூத்தை விட்டு வெளியே வந்தபோது தெரு கொஞ்சம் அகலமாகியிருந்தது. வேலை, வீடு, சென்னை எல்லாம் எட்டு குச்சியில். மாமனாரிடம் எதையும் நான் வாய் திறந்து கேட்கவே வேண்டாம். முதலாளி கூப்பிடுகிறார், போய்த்தான் ஆக வேண்டும் என்று சொன்னால் போதும். இதற்குத்தானே மூன்று வருஷமாகக் காத்திருந்தேன்.

குச்சிகள் ஆயுத பூஜைக்கு முதல் நாள் மதியம் சாக்கில் சுற்றி வந்தன. மட்டையின் தலையை முதலாளியே ஒட்டிக்கொள்வார், எனக்கு வெட்டு மட்டும். எல்லாம் ஒரே நீளத்தில், இன்னும் எந்த மட்டைக்கும் சொந்தமாகாத குச்சிகள். எது நீள மட்டைக்கு, எது குட்டை மட்டைக்கு என்று நான் அளந்து வெட்டும்போதுதான் முடிவாகும். உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து மெலிந்த முனையில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டேன். அறுக்க ஆரம்பிக்கலாம் என்று இரும்பு அறுக்கிற ரம்பமான ஆக்சா பிளேடை எடுத்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது, கரண்டும் போயிற்று. இருட்டில் அறுத்தால் முனை கோணிவிடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தேன். நான் யோசித்து எடுத்த முடிவுகளில் இதுவும் ஒன்று. மற்றவையும் இதே தரம்தான்.

காலையில் எழுந்து பார்த்தால் குச்சிகளைக் காணோம்.

சாமி படத்துக்கு முன்னால் இருந்தன. தறியில் ஊடையை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடாக்கள், நூல் சுற்றுகிற ராட்டை, கத்தரி எல்லாவற்றோடும் வரிசையாக என் எட்டு குச்சிகளும் படுத்திருந்தன. புளி போட்டுத் தேய்த்து, துடைத்து, சந்தனம் பூசி, பொட்டு வைத்து. நான் போட்ட சிவப்புக் கோடு ஒன்றுகூட மிச்சமில்லை. பக்கத்தில் என் ஆக்சா பிளேடு, கைப்பிடியில் சாமந்திச் சரம் சுற்றிக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி.

மாமனார் குளித்துவிட்டு திருநீறோடு நின்றிருந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. இத்தனை வருஷம் என் தொழிலை அவர் ஒரு தொழிலாகவே நினைக்கவில்லை. இன்றைக்கு அவருடைய நாடாவுக்குப் பக்கத்தில் என் ரம்பத்துக்கு இடம் கொடுத்திருக்கிறார்.

"உங்க ஆயுதம் மட்டும் தனியா கெடந்தா நல்லா இருக்குமா மாப்ள? நம்ம ஊட்டு மாப்பிள்ளையோட தொழிலு, அதுக்கும் நாமதான பொட்டு வெக்கணும்" என்றார்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று புரியவில்லை. இன்றைக்கே அறுக்க வேண்டும் என்று மெதுவாக ஆரம்பித்தேன். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை பூஜை பிரித்துத்தான் தொட வேண்டும், அதுவரைக்கும் ஓய்வு, இது உங்களுக்குத் தெரியாததா என்று அவ்வளவு பணிவாகச் சொன்னார். தெரியும் என்று சொல்லி நின்றேன்.

சரி, குச்சி சாமியிடம் இருந்தாலும் ரம்பமாவது வேறு கிடைக்குமா, யாரும் பார்க்காதபோது ஒன்றிரண்டை எடுத்து முடித்துவிடலாமே என்று வெளியே கிளம்பினேன். சைக்கிள் கடைக்காரர் ஸ்பேனர்களை வரிசையாக அடுக்கி ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். அவருடைய ரம்பத்துக்கும் பொட்டு. லேத் பட்டறையில் மெஷினுக்கே மாலை. வெல்டிங் கடையில் பொரியும் கடலையும் கையில் கொடுத்து உட்காரச் சொன்னார்கள். இரும்புக் கடையில் புது பிளேடு வாங்கலாம் என்று போனால் தராசுக்குக்கூடக் குங்குமம் வைத்து ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். பஸ்ஸின் நெற்றியில் பட்டை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று. அன்றைக்கு ஆரணி முழுக்க ஒரு ரம்பம்கூட வேலைக்கு வரவில்லை. நான் ஒருவன் மட்டும் வேலை செய்யத் துடித்துக்கொண்டு சட்டைப்பை நிறையப் பொரியோடு வீட்டுக்கு வந்தேன். வாழ்நாளில் எனக்கு வேலை செய்ய ஆசை வந்த ஒரே நாள் அதுதான். ஊரே சேர்ந்து தடுத்துவிட்டது.

மனைவி வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்தாள். "நாளைக்கு வெடிகால பூஜ பிரிச்சிடுவாரு. மதிய பஸ்ஸுக்குள்ள அறுக்க முடியாதா?" என்று கேட்டாள். முடியும் என்றேன். ஒரு குச்சியும் வீணாகாமல் இருந்தால் முடியும். வேறு குச்சி கிடையாது, ஒன்று கெட்டாலும் செட் கெட்டது. அதையும் சொன்னேன். அவள் பெட்டியின் அடியிலிருந்து தன் நல்ல சேலையை எடுத்து மடித்து மேலாக வைத்தாள். அவளும் கிளம்பத் தயாராகத்தான் இருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் விடிந்ததும் கற்பூரம் ஏற்றி பூஜையைப் பிரித்தார் மாமனார். விஜயதசமியில் ஒவ்வொரு ஆயுதத்தாலும் கொஞ்சமாவது வேலை செய்து தொழிலைத் தொடங்க வேண்டும். ஒரு தறியில் அவர் ஊடை போட்டார். இரண்டாவது தறிக்கு என்னைக் கைகாட்டினார்.

"எறங்குங்க மாப்ள. கற்பூரம் எரியிற வரிக்கும் நாடா ஓடணும். நடுவுல எழுந்துராதீங்க, அபசகுனம்."

இறங்கினேன். சீக்கிரம் முடித்துவிட்டு ரம்பத்தை எடுக்கலாம் என்ற அவசரத்தில் நாடாவை வீசினேன். அந்தப் பக்கம், இந்தப் பக்கம். முதுகுக்குப் பின்னால் சாமி படம் இருந்தது. திரும்பிப் பார்க்க முடியாது. பார்த்தால் நாடா கீழே விழும், விழுந்தால் அதுவும் அபசகுனம். என் முன்னால் தட்டில் கற்பூரம் நிதானமாக எரிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கர்ர்... கர்ர்... ஸ்டீல் அறுபடுகிற சத்தம். வருஷக்கணக்கில் கேட்ட சத்தம், தூக்கத்தில்கூடத் தெரியும். என் கையில் நாடா, என் கால் மிதியில், என் இடுப்புக்கு முன்னால் உருளை. பின்னால் யாரோ என் குச்சியை அறுக்கிறார்கள்.

"மாமா" என்றேன்.

"கற்பூரத்தப் பாருங்க மாப்ள."

சத்தத்தை வைத்தே எனக்குப் புரிந்தது. மெலிந்த முனை அறுபட்டால் சத்தம் கீச்சென்று இருக்கும். இது கனத்த சத்தம். தடித்த முனை. குச்சியை விறைப்பாக்காமல் வெறுமனே குட்டையாக்குகிற முனை. எது தலைப் பக்கம், எது வால் பக்கம் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? தறிக்காரர்கள் பாவைத் தடித்த உருளைப் பக்கமிருந்துதான் தொடங்குவார்கள். குச்சிக்கும் தடித்த பக்கம்தான் தலை என்று எடுத்துக்கொண்டார். அங்கே மூன்று விரலால் சந்தனப் பட்டை இழுத்திருந்தார், அந்தப் பட்டையின் அடியோரம்தான் வெட்டுகிற இடம் என்று அவரே முடிவு செய்துவிட்டார். டங் என்று ஒரு துண்டு தரையில் விழுந்து உருண்டது. கற்பூரம் அதற்குப் பிறகுதான் அணைந்தது.

நான் குழியிலிருந்து ஏறி வந்தேன். எப்போதும்போல முட்டி இடித்தது. மாமனார் ஒரு கையில் ரம்பமும் இன்னொரு கையில் குட்டையான குச்சியுமாக, மூச்சு வாங்க நின்றிருந்தார்.

"மொத வெட்டு என் கையால போட்டுட்டேன். இனிமே உங்க தொழிலு நல்லா வரும் பாருங்க" என்றார்.

கண் கலங்கியிருந்தது அவருக்கு. எனக்கும்தான், வேறு காரணத்துக்கு. நீங்கள் அறுத்தது தப்பான முனை, என் சென்னையையும் சேர்த்து அறுத்துவிட்டீர்கள் என்று சொல்ல வேண்டிய வாய், "ரொம்ப சந்தோஷம் மாமா" என்றது.

ஏழு குச்சி முழுசு, ஒன்று குட்டை. வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "எல்லாம் ஒரே நீளந்தான சொன்னீங்க? குட்டையான மட்டையே கெடையாதா அந்த ஆட்டத்துல?" என்று கேட்டாள்.

இருந்தது. பந்து விழ வேண்டிய குழிக்குப் பக்கத்தில் வந்த பிறகு, மெதுவாகத் தூக்கிப் போடுகிற ஒரு மட்டை. செட்டிலேயே குட்டை அதுதான். ஓங்கி வீச மாட்டார்கள். மாமனார் வெட்டிய குச்சியை அதற்கு வைத்துக்கொண்டு, நீளம் போதவேண்டும் என்பதால் மெலிந்த முனையில் கொஞ்சம் குறைவாக வெட்டினால் சரியாக வரும். மற்றதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் துவளும். அவ்வளவுதான். எழுந்து ஜல்தியாக அளந்து, அதையும் மீதி ஏழையும் முறையாக மெலிந்த முனையில் அறுத்து, முனையை அரத்தால் தேய்த்து, மதிய பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். பஸ்ஸின் வாழைக்கன்று அதற்குள் வாடியிருந்தது.

அடுத்த வாரம் பூத்துக்குப் போன் வந்தது. நான் போனை எடுப்பதற்குள் மனைவி தெருமுனை வரைக்கும் வந்து நின்றுகொண்டாள்.

முதலாளி சந்தோஷமாக இருந்தார். போட்டிக்குப் போனவர் செட் முழுக்கப் பிரமாதம் என்றாராம். அதிலும் அந்தச் சின்ன மட்டை கையில் பூ மாதிரி இருக்கிறது, அதே மாதிரி இன்னும் சில பேருக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறாராம்.

எப்போது வரட்டும் என்று கேட்டேன்.

"எங்க வர்றது? அங்க இருந்தே இவ்ளோ ஜோரா பண்றியேடா. இங்க ரூம்புல மூட்டை போட்டுட்டேன். நீ அங்கயே குந்திகினு வெட்டி அனுப்பு. மாசா மாசம் பஸ்ல உடறேன்."

அண்ணே, அண்ணே என்றேன். லைன் போய்விட்டிருந்தது. பூத்துக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் ஒழுங்காகச் செய்ததாலேயே இங்கேயே இருக்கும்படி ஆகிவிட்டது என்பதை அவருக்கு எப்படி விளக்குவது? சொதப்பியிருந்தாலும் போயிருக்க முடியாது. இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டு நடுவில் நின்றுகொண்டிருந்தவன் நான்தான்.

மனைவியிடம் சொன்னேன். அவள் "சரி வாங்க, சோறு ஆறிப்போவுது" என்றாள். வீட்டுக்குப் போனதும் அந்த நல்ல சேலையை எடுத்து மறுபடி பெட்டியின் அடியில் வைத்தாள்.

மாமனாரிடம் விஷயத்தைச் சொன்னேன், முழுசாக இல்லை, மாசா மாசம் குச்சி வரும் என்பதை மட்டும். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இரண்டாவது தறிக்குப் பக்கத்தில் இருந்த நூல் கூடைகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் பண்ணினார். பலகை ஒன்றைத் தூக்கிவந்து போட்டார். தூசியைத் துண்டால் தட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வரணும் மாப்ள?"

நான் அந்த இடத்தைப் பார்த்தேன். பலகையைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன்.

"எடது பக்கம்" என்றேன்.